மூன்று எண்ணுவதற்குள்

மார்ச் 4, புதன்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. கைப்பையில் இந்தக் கட்டம் போட்ட நோட்டு கிடந்தது. மருத்துவமனையில் சொல்வதை அன்றன்றே எழுதி வைக்காவிட்டால் மறுநாள் நானே வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன். அதற்காக எழுதுகிறேன்.

இதுவரை நடந்தது. திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, சாலை அகலப்படுத்தும் இடத்தில், பின்னால் வந்த டிப்பர் லாரியின் சக்கரம் கதிரேசனின் இடது காலில் ஏறியது. அவர் நில அளவையர். மண்ணில் புதைந்த சர்வே கல் ஒன்றைத் தேடி, முட்டி போட்டு, கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். கால் பின்னால் நீண்டிருந்தது. ஓட்டுநர் பார்க்கவில்லை.

அன்று மாலையே மதுரைக்குக் கொண்டுவந்து, நசுங்கிய பாதத்தையும் கெண்டைக்காலையும் எடுத்துவிட்டார்கள். முட்டிக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு எலும்பு மிச்சமிருக்கிறது. அதை மூடத் தோல் இல்லை.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கையெழுத்துப் போட நான் மட்டும்தான்.

(பேச்சில் அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. எழுத்தில் சொல்லலாம் என்று தோன்றுகிறது.)

மார்ச் 5, வியாழன்

டாக்டர் ஃபரீதா பிளாஸ்டிக் சர்ஜன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். காகிதத்தில் கால் ஒன்றை வரைந்து காட்டினார். வழி இரண்டு. முதலாவது, முட்டிக்கு மேலே தொடையில் வெட்டித் தைத்துவிடுவது. ஒரே ஆபரேஷன், சீக்கிரம் ஆறும். இரண்டாவது, முதுகிலிருந்து தசையையும் அதன் மேலுள்ள தோலையும் இரத்தக்குழாயோடு எடுத்துவந்து, மிச்சமிருக்கும் எலும்பின் மேல் போர்த்தி, இங்குள்ள குழாய்களோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பது. அந்தத் தசை பிழைத்தால் முட்டி அவருடையதாகவே இருக்கும்.

"முட்டி இருந்தா செயற்கைக் கால் வெச்சு பஸ் ஏறுவாரு, மாடி ஏறுவாரு, தரையில உக்காந்து எந்திரிப்பாரு. முட்டி இல்லேன்னா நடக்கலாம். ஆனா ஒவ்வொரு அடியும் வேலை."

"பிழைக்கிறதுக்கு வாய்ப்பு எவ்வளவு?"

"பத்துல ஒம்போது."

"அது வேற பத்துப் பேரு. இவர் ஒருத்தர்."

டாக்டர் சிரித்தார். "நீங்க புள்ளியியல் நடத்துறீங்கன்னு சார் சொன்னாரு."

கதிரேசனின் அக்கா சொர்ணம் மதினி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேலயே எடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம் திலகா. திரும்பத் திரும்பக் கத்தி வைக்க அவன் என்ன மரமா? நீ சொன்னா கேப்பான்."

நான் சொன்னால் கேட்பார் என்பதுதான் பிரச்சினை.

மார்ச் 6, வெள்ளி

கேள்விகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். பதினாறு. ஆபரேஷன் எத்தனை மணி நேரம், முதுகில் என்ன குறையும், சர்க்கரை இருந்தால் என்ன ஆகும், பிழைக்காவிட்டால் அடுத்தது என்ன. டாக்டர் ஃபரீதா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிழைக்காவிட்டால் தொடையில் வெட்டுவதுதான்.

பட்டியலோடு இவரிடம் வந்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"ஜோசியர் நமக்குப் பத்துல ஆறு பொருத்தம்னாரு. அதுக்கே துணிஞ்சு உன்னைக் கட்டுனேன். இது ஒம்போது."

"விளையாடாதீங்க."

"விளையாடல திலகா. எனக்கு முட்டி வேணும். கல்லு மண்ணுக்குள்ள இருக்கும். முட்டி போடாம எந்தச் சர்வேயரும் கல்லைக் கண்டுபிடிச்சதில்ல."

மாலை நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவருடைய இரண்டு வேட்டிகளைத் துவைத்தேன். காய வைக்க இடமில்லை. ஜன்னல் கம்பியில் கட்டினேன், காவலாளி வந்து திட்டினார்.

மார்ச் 9, திங்கள்

காலை எட்டரைக்கு உள்ளே போனார். மாலை ஐந்தே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். தலைத்தொப்பி நெற்றியில் கோடு போட்டிருந்தது. "ரத்தம் ஓடுது. அடுத்த மூணு நாள்தான் முக்கியம்" என்றார். மதினி அங்கேயே கீழே விழுந்து கும்பிட்டார். டாக்டர் பதறி விலகினார். ஒன்பது மணி நேரம் நின்ற ஒருவருக்கு நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கால் தலையணை மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டுத் துணியில் ஜன்னல் போல ஓர் இடம் திறந்து விட்டிருக்கிறார்கள். அதற்குள் உள்ளங்கை அளவுக்கு முதுகின் தோல். ஒரு மச்சம்கூட வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடங்களாக அவர் முதுகில் நான் பார்த்த மச்சம், இப்போது முட்டிக்குக் கீழே.

சிஸ்டர் ஜெபராணி மணிக்கு ஒரு தடவை வந்து அந்தத் தோலை விரலால் அழுத்தி விட்டுப் பார்க்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வாங்கக்கா, நீங்களும் கத்துக்கங்க. ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு நல்லது" என்றாள்.

"அழுத்தி விடுங்க. வெளுக்குதா? இப்ப எண்ணுங்க. நம்ம நிறத்துல சட்டுனு தெரியாது, உத்துப் பாக்கணும். மூணு எண்ணுறதுக்குள்ள பழைய நிறம் வந்துரணும். நாலு, அஞ்சுன்னு போச்சுன்னா ரத்தம் வரலன்னு அர்த்தம். ஓடியாந்து என்னையக் கூப்பிடுங்க."

நோட்டில் பத்தி பிரித்தேன். நேரம், எண்ணிக்கை, குறிப்பு.

"சிஸ்டர், இவகிட்டயா குடுத்தீங்க?" என்றார் இவர். குரல் இன்னும் கம்மல்தான். "நான் வெச்ச ரசத்தக் குடிச்சிட்டு உப்பு சரியா இருக்கும்பா. நல்லா இருக்குன்னு இவ வாயால ஒரு தடவை வந்ததில்ல. என் காலு பாஸாகாது."

"அக்கா, ஒரு தடவை சொல்லிருங்கக்கா, பாவம்."

"மூணு நாள் ஆகட்டும்" என்றேன்.

இன்று முழுக்க மூன்று. எல்லாத் தடவையும் மூன்று.

மார்ச் 11, புதன்

காலை 8 – மூன்று.
9 – மூன்று.
10 – மூன்று.
11 – இரண்டரை. எண்ணும் வேகத்தில் பிழை இருக்கலாம். கடிகாரத்தை வைத்து மறுபடி பார்த்தேன். இரண்டரைதான்.
12 – இரண்டு. ஜெபராணியும் பார்த்தாள். சரிக்கா என்று போனாள்.
1 – ஒன்றரை. பஸ் விபத்தில் பதினோரு பேரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வார்டே ஓடுகிறது.
2 – ஒன்று. தோலில் ஒரு செழுமை. நேற்று வாடின மாதிரி இருந்தது. இன்று உப்பி, கையில் வெதுவெதுப்பாக இருக்கிறது.
3 – ஒன்றுகூட இல்லை. விரலை எடுத்ததும் நிறம் வந்துவிடுகிறது.

ஐந்து மணி நேரத்தில் மூன்றிலிருந்து ஒன்றுக்குள். ஒரு தடவைகூட மேலே ஏறவில்லை. இது தற்செயலாக இருக்க முடியாது. நான் சீக்கிரம் நம்புகிற ஆளில்லை. ஆனால் நேர்க்கோட்டில் இறங்கும் ஆறு அளவுகளை நம்பாமல் இருப்பதும் ஒருவகை மூடநம்பிக்கை.

இரண்டு மணிக்கு ஜெபராணி கையில் சலைன் பாட்டிலோடு கதவருகே நின்று, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். "நல்லா இருக்கு" என்றேன்.

கதிரேசன் தலையைத் திருப்பினார். "சிஸ்டர், கேட்டீங்களா? சொல்லிட்டா!" அவள் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

இவர் என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்றேன். ஒண்ணுமில்ல என்றார்.

மார்ச் 12, வியாழன்

நேற்று நாலே கால் மணிக்கு ஜெபராணி வந்தாள். கட்டின் ஜன்னலுக்குள் டார்ச் அடித்தாள். அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஊசியால் தோலை ஒரு குத்து குத்தினாள். வந்த இரத்தம் சிவப்பாக இல்லை, கறுப்பு.

அடுத்த இருபது நிமிடத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ஃபரீதா பிறகு விளக்கினார். இரத்தம் உள்ளே வருகிறது. திரும்பிப் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. அதனால் தோலுக்குள் இரத்தம் தேங்கி உப்பியிருக்கிறது. அழுத்தி விட்டால் நிறம் ஓடிவரத்தான் செய்யும். தாமதமாக வந்தால் ஆபத்து. சட்டென்று வந்தாலும் ஆபத்து.

"நிறம் எப்ப மாற ஆரம்பிச்சது, கவனிச்சீங்களா?"

"மூணு மணி இருக்கும்" என்றேன்.

அடைப்பை எடுத்துவிட்டு வேறு குழாயோடு தைத்திருக்கிறார்கள். பார்க்கலாம் என்றார். இந்த முறை பத்தில் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தோல் கத்தரிக்காய் நிறம். மச்சம் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

பிழைக்கவில்லை.

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து அவரிடமே நேராகச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்குத்தான் வீண் வேலை குடுத்துட்டேன்" என்றார். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

கையெழுத்துப் போட்டேன். பேனா இவருடையது.

மார்ச் 16, திங்கள்

முடிந்தது. தொடையின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே.

மயக்கம் தெளியும்போது அவர் கை போர்வைக்கு மேலேயே கீழ்நோக்கிப் போனது. இடுப்பு, தொடை, அதற்கும் கீழே. போர்வை தட்டையாகிற இடத்தில் நின்றது. பிறகு அங்கேயே கிடந்தது. அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு நாளாக வேறு சிஸ்டர் வருகிறாள். ஜெபராணி எங்கே என்று இவர்தான் கேட்டார்.

"அவங்கள ஓ.பி.க்கு மாத்திட்டாங்க சார். நாலு மணிநேரம் பாக்காம விட்டுட்டாங்கன்னு மெமோ குடுத்துருக்காங்க."

"அன்னைக்குப் பதினோரு பேரு வந்து கெடந்தாங்களேம்மா. அந்தப் புள்ள என்ன செய்யும்?"

நான் கீழே போய் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

நோட்டு என் பையின் அடியில், துண்டுக்குக் கீழே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டியிருப்பேன்.

மார்ச் 28, சனி

வீடு. மூன்று படிக்கட்டு. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். "பல்லக்கு வருது, வழி விடுங்கப்பா" என்று அவரே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

மதினி சாப்பாடு கொண்டுவந்திருந்தார். அடுக்களையில் என்னிடம் தணிந்த குரலில், "அன்னைக்கே சொன்னேன். திரும்பத் திரும்ப அறுபட்டதுதான் மிச்சம். முதுகையும் கீறிப் போட்டாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன்னையச் சொல்லல திலகா" என்றார்.

என்னைச் சொன்னால் பரவாயில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 2, வியாழன்

தொடைக்குக் கட்டுப் போட பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். ரப்பர் மாதிரி இழுபடும் துணி. எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும். முனையில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. அப்போதுதான் செயற்கைக் கால் பொருந்தும் வடிவம் வருமாம். ஒரு நாளைக்கு நான்கு தடவை அவிழ்த்துச் சுற்ற வேண்டும்.

"இறுக்கமா இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். "சரியா இருக்கு" என்கிறார். அவிழ்த்தால் சிவப்பாக வரி வரியாகத் தடம்.

ஏப்ரல் 9, வியாழன்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்குத் தரக்கட்டுப்பாட்டு வரைபடப் பாடம் பாக்கியிருந்தது. தொழிற்சாலையில் ஒரு பொருளின் அளவு சரியாக வருகிறதா என்று பார்க்க நடுவில் ஒரு கோடு, மேலே ஓர் எல்லைக்கோடு, கீழே ஓர் எல்லைக்கோடு. அளவு எந்தப் பக்கம் தாண்டினாலும் இயந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லைக்குள்ளேயே இருந்தாலும், தொடர்ந்து ஒரே திசையில் போனால் அப்போதும் நிறுத்த வேண்டும். பதினெட்டு வருடங்களாக நடத்துகிறேன். "கொறையுறது நல்லதுதான மேம்?" என்று ஆண்டுக்கு ஒரு மாணவியாவது கேட்பாள். நான் அவளை எழுப்பி நிறுத்தி, ஏன் இல்லை என்று விளக்குவேன்.

இன்று கீழ்க்கோட்டைப் போட்டதும் தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். வேப்பம்பூ கிடைக்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

பாதம் அரிக்கிறது என்கிறார். இல்லாத பாதம். எந்த இடம் என்றேன். "கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல." அந்த இடத்தில், மெத்தை மேல், காற்றில் சொறிந்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார்.

ஏப்ரல் 27, திங்கள்

மதுரைக்குப் பரிசோதனைக்குப் போய் வந்தோம். தையல் நன்றாக ஆறியிருக்கிறது. அவரை பிசியோதெரபிக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் டாக்டர் ஃபரீதாவின் அறைக்குள் போனேன். நோட்டைத் திறந்து மார்ச் 11 பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் விரல் வரி வரியாகக் கீழே வந்தது. பதினோரு மணிக்கு நேராகக் கொஞ்சம் நின்றது. பிறகு மூன்று வரை போனது.

"மூணு மணின்னு உங்ககிட்டச் சொன்னது பொய். சிஸ்டர் கேட்டப்ப நல்லா இருக்குன்னு சொன்னதும் நான்தான். அவ மேல தப்பில்ல."

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "உங்க வேலை இல்ல மேடம் இது. வேகமா வந்தாலும் கூப்பிடணும்னு உங்ககிட்டச் சொல்லாதது எங்க தப்பு."

"பதினோரு மணிக்கே கூப்பிட்டிருந்தா பிழைச்சிருக்குமா?"

"தெரியாது."

"பத்துல எத்தனை?"

"கேப்பீங்கன்னு தெரியும்" என்றார். "சொல்ல மாட்டேன்."

நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். மெமோவோடு சேர்த்து வைப்பதாகச் சொன்னார்.

ஜெபராணி தரைத்தளத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட வரிசை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "நானும் ஒரு எட்டு உள்ள வந்து பாத்திருக்கணும்கா" என்றாள். அதற்குள் வரிசையில் யாரோ சத்தம் போட்டார்கள். "வர்றேன், இருங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போகவும் மாட்டேன்.

காரில் இவரிடம் சொல்லவில்லை. டிரைவர் இருந்தார்.

வீட்டுக்கு வந்து, சாயங்காலக் கட்டுக்காகத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும், மணிவாரியாக. கிழித்துக் கொடுத்துவிட்டாலும் பக்கம் மனப்பாடம். மூன்று, மூன்று, மூன்று, இரண்டரை, இரண்டு, ஒன்றரை, ஒன்று, ஒன்றுகூட இல்லை. அவர் தொடை என் மடியில் இருந்தது. துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒரு மணிக்கே இறுக்க ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு மணிக்கெல்லாம் கட்டு வெடிச்சிரும்போல இருந்துச்சு. நூத்துக்கு நூறு என்னமோ தப்புன்னு தெரிஞ்சுச்சு."

என் கை நின்றுவிட்டது. "ஏன் சொல்லல?"

அவர் சுவரைப் பார்த்தார். "நீ நல்லா இருக்குன்னு சொன்னேல்ல."

நான் துணியை மறுபடி சுருட்டத் தொடங்கினேன்.

"உன் முகத்த நீ பாக்கல திலகா. நான் பாத்தேன். நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்ல. கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம்."

வெளியே குடிதண்ணீர் வண்டி வந்து மணி அடித்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். போகவில்லை.

துணியின் முனையைத் தொடையில் வைத்து, எட்டு வடிவத்தில் சுற்ற ஆரம்பித்தேன். கடைசிச் சுற்றில் கொக்கியை மாட்டிவிட்டு, எப்போதும் கேட்பதைப் போலக் கேட்டேன்.

"இறுக்கமா இருக்கா?"

அவர் கட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இறுக்கமாத்தான் இருக்கு" என்றார்.

கொக்கியைக் கழற்றி, முழுவதையும் அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து சுற்றினேன்.